ஏற்கெனவே உள்ள மலர்

தாயின் முப்பத்தோராம் நாள் நினைவு மலரைக் கீர்த்திகன் மின்னூலகத்துக்குக் கொண்டுவந்தான். நேற்று அச்சானது, மை வாசம் இன்னும் போகவில்லை. அலுவலர் தக்சாயினி பெயரையும் இறந்த திகதியையும் பதிந்ததும் நூலகத்தின் திறமூல மென்பொருள், ‘இம்மலர் ஏற்கெனவே உள்ளது’ என்றது.

திறந்தாள். அதே படம், அதே தேவாரம், அதே திகதி. ஆனால் தரவேற்றி ஆறு வருடமாகியிருந்தது.

கீர்த்திகனும் எட்டிப் பார்த்தான். “அம்மா மோசம்போய் நாப்பது நாளும் ஆகேல்லையே, தங்கச்சி?”

“கொம்பியூட்டர் பிழையாக்கும், அண்ணை.”

“அப்ப என்ரை பேரையும் ஒருக்கால் அடிச்சுப் பாருங்கோ.”

அடித்தாள். திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக் கடைசிப் பக்கம்வரை வாசித்தாள்.

“ஒண்டும் இல்லை, அண்ணை.”

அவன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழும்பினான்.

“அண்ணை, மோட்டச்சைக்கிளை இஞ்சையே விட்டிட்டு பஸ்ஸிலை போங்கோவன்.”