பூச்சூடாத மாடுகள்

கோடை முழுக்க மலையில் மேய்ந்த மாடுகள் பூமுடி சூடி இறங்கிவரும் என்று கேள்விப்பட்டுத்தான், மியூனிக்கில் படிக்கும் மங்கை சனிக்கிழமை நண்பர்களோடு அந்த ஆஸ்திரியச் சிற்றூருக்கு வந்திருந்தாள். மாடுகளோ வெறுந்தலையோடு வந்தன.

"என்ன மங்கை, ஒரு பூவக்கூடக் காணோம்! இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்?" என்றான் பிரிட்டோ.

பக்கத்தில் நின்ற பெண்ணிடம் மங்கை விசாரித்தாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள்: "ஜூலைல ஒரு மாடு பள்ளத்துல விழுந்து செத்துப்போச்சாம். ஒண்ணு போனாலும் அந்த வருசம் எதுக்கும் பூ கிடையாதாம்."

பிரிட்டோ செல்போனைப் பைக்குள் வைத்தான். தெருவின் இருபுறமும் ஊரார் தொப்பியைக் கழற்றி நின்றார்கள். ஒரு மாட்டுக்கு இத்தனை மரியாதையா என்று மங்கைக்கு மெய்சிலிர்த்தது. தொழுவ வாசலில் மாட்டுக்காரர் ஒவ்வொன்றின் கழுத்தையும் தடவி, பெயர் சொல்லி உள்ளே அனுப்பினார். கடைசி மாடும் நுழைந்தது. கதவை மூடாமல் அவர் இன்னொரு பெயரையும் சொன்னார்.