முடிவுக்குறி இல்லாத பெயர்

ஜோசலினுக்கு உட்காரவே முடியவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் க்ரேமின் மேஜையருகே காலை மாற்றி மாற்றி நின்றாள்.

"திங்கக்கிழமை நிதானமா பார்க்கலாமே," என்றார் க்ரேம், ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திங்கள் வரை யார் தாங்குவது? ஒட்டாவா ஆபீசில் ஆட்குறைப்பு என்று காற்றுவாக்கில் பேச்சு. தான் எழுதிய இந்த ஒரு திருத்தம் சிஸ்டத்துக்குள் போய்விட்டால் தன் வேலை தப்பிவிடும் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். மாதக்கணக்கில் அதை நந்தி மாதிரி மறித்துக்கொண்டிருப்பவர் அவளுடைய மேலாளரான இந்த மனுஷன்தான்.

விஷயம் என்னவோ சின்னது. அவர்களுடைய ஆபரேட்டிங் சிஸ்டம், கம்ப்யூட்டரின் பெயருக்கு அறுபத்து நாலு எழுத்து இடம்தான் தரும். பெயர் நீண்டால் மிச்சத்தை வெட்டிவிடும். ஆனால், பெயர் இத்தோடு முடிந்தது என்று சொல்லும் குறியைப் போடாது. படிக்கிற புரோகிராம் எங்கே நிற்பது என்று தெரியாமல், நினைவகத்தில் பக்கத்தில் கிடப்பதையும் சேர்த்துப் படித்துக்கொண்டே போகும்.

அவள் கடைசி எழுத்தை எடுத்துவிட்டு அங்கே குறியை வைத்திருந்தாள். அவ்வளவுதான்.

"குறி கட்டாயம்னு ஸ்டாண்டர்டுல எங்க இருக்கு? ஒரு எழுத்தைத் தின்னுட்டா பழைய புரோகிராம் வச்சிருக்கவன் எல்லாம் என் உயிரை வாங்குவான். மிஞ்சிப்போனா நாலு குப்பை எழுத்து வரும். வந்துட்டுப் போகட்டும்."

"உங்க கம்ப்யூட்டர்லயே காட்டட்டுமா?"

"தாராளமா காட்டு."

யாருக்கோ சாட்டில் எழுதிக்கொண்டிருந்ததைப் பாதியில் மறைத்துவிட்டு, நாற்காலியைத் தள்ளிக்கொடுத்தார். அந்த சாட் புரோகிராம், எழுதுகிறவரின் கம்ப்யூட்டர் பெயரையும் மேலே காட்டும்.

ஜோசலின் அந்தப் பெயரை வேண்டுமென்றே நீட்டி வைத்தாள். சாட் திரையை மறுபடி புதுப்பித்தாள்.

பெயர் வந்தது. நிற்கவில்லை. அவர் பாதியில் விட்ட வரியும் அதன் வாலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

'ஜோசலினுக்கு வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். அதுவரைக்கும் அவளுக்குத் தெரிய வேண்டாம்'

இருவருமே படித்தார்கள். ஜோசலின் எழுந்து நாற்காலியை அவரிடமே தள்ளினாள்.

க்ரேம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய திருத்தத்தைத் திறந்தார். ஒரு வரிகூடப் படிக்காமல் ஏற்றுக்கொள்ளும் பொத்தானை அழுத்தினார்.

"இது இன்னிக்கே எல்லா கம்ப்யூட்டருக்கும் போயிடணும்," என்றார்.