பார்த்தாலே தெரியும்

"லீவு விட்டா ஹாஸ்டலைப் பூட்டிடுவீங்களா, மேடம்?"

கேட்டவர் கோட்டும் டையும் போட்டிருந்தார். மகள் வயசுப் பெண்ணைப் பிடித்து மேடம் என்கிறார். நக்கல்தான் என்று டார்லா முடிவு கட்டினாள்.

கல்லூரியில் இடம் கிடைத்த பிள்ளைகள் பெற்றோருடன் வந்து சுற்றிப் பார்க்கும் நாள் அது. டார்லா மூன்றாம் வருட மாணவி. அன்றைக்கு வழிகாட்டி வேலை. கூட்டத்தைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடக்க வேண்டும், சிரித்துக்கொண்டே பேச வேண்டும். நடை அவளுக்குப் பழகிவிட்டது.

"கிறிஸ்துமஸுக்குப் பூட்டிடுவோம் சார். பொண்ணை வீட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போகணும்."

அவர் முகம் விழுந்துவிட்டது. லீவில் இவர் பனிச்சறுக்கு விளையாடப் போகிற இடத்துக்குப் பெண் இடைஞ்சல் போல என்று டார்லா நினைத்துக்கொண்டாள்.

ஆளைப் பார்த்தாலே அவளுக்குத் தெரிந்துவிடும். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொள்வாள். அப்பாவுக்குக் கூரை மாற்றும் வேலை; அந்தக் குடும்பத்திலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் இவள்தான். வந்த புதிதில் அறைத்தோழி, "கோடைக்கு உங்க வீட்ல எந்த பீச் ரிசார்ட்டுக்குப் போவீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டுவைத்தாள். அன்று ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. கோபத்துக்கும் அறிவுக்கும் டார்லா பெரிதாக வித்தியாசம் பார்ப்பதில்லை.

அன்றைய கூட்டத்தில் அவளுக்குப் பிடித்துப்போனவர் ஒரே ஒருவர். பெயர் வின். பூட்ஸில் காய்ந்த சேறு, ஸ்வெட்டரின் முழங்கையில் ஓட்டை. பண்ணையிலிருந்து நேராக வருவதாகச் சொன்னார். மகன் எலியட்டின் சட்டை இஸ்திரிப் பெட்டியைப் பார்த்ததே இல்லை. வின் கேட்டது ஒன்றுதான்: படித்துக்கொண்டே பையன் ஏதாவது வேலை பார்க்க முடியுமா?

"வேலை செய்யாத பய உருப்பட மாட்டான், டார்லா."

அவளுக்குத் தன் அப்பாவே பேசுவது போலிருந்தது.

கோட்டுக்காரர் விடுவதாக இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில், நேரம் தவறி வருகிற பிள்ளைக்கு ஏதாவது எடுத்துவைப்பார்களா என்றார். நூலகத்தில், பாடப்புத்தகம் எல்லாம் இங்கேயே கிடைக்குமா, சொந்தமாக வாங்கித்தான் ஆக வேண்டுமா என்றார். முத்துமாலையும் புது ஷூவுமாக நின்ற மகள் கென்னா, ஒவ்வொரு கேள்விக்கும் தரையைப் பார்த்தாள். பெண்ணுக்குப் புத்தகம் வாங்கக்கூடக் கை வராத பணக்காரன் என்று டார்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லித் தன் பழியைத் தீர்த்துக்கொண்டாள்.

சேருகிறோமா இல்லையா என்று எல்லோரும் மறுநாளுக்குள் சொல்லியாக வேண்டும். கல்வி உதவி அலுவலகத்து ஷெரில் மனது வைத்தால் கட்டணத்தில் பெரும்பகுதி குறையும். ஆனால் ஏற்கனவே நேரம் வாங்காமல் அவரைப் பார்க்க முடியாது. அன்றைக்கு மிச்சமிருந்த கடைசிச் சந்திப்பை யாருக்குக் கொடுப்பது என்பதை டார்லாவிடம் விட்டிருந்தார்கள்.

சுற்றிக் காட்டி முடித்ததும் கோட்டுக்காரர் தனியாக அவளிடம் வந்தார். குரலைத் தாழ்த்தி, உதவித்தொகை விஷயமாக யாரிடம் பேச வேண்டும் என்று கேட்டார்.

"அதுக்கெல்லாம் முன்னாடியே நேரம் வாங்கியிருக்கணும் சார். நெஜமாவே கஷ்டப்படுறவங்களுக்கே இங்க பத்தல."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அதுவும் சரிதான் மேடம். அவங்களுக்கே போகட்டும்," என்று மகளைக் கூட்டிக்கொண்டு நகர்ந்தார்.

வின்னிடம் டார்லா உதவித்தொகை என்ற பேச்சையே எடுக்கவில்லை. தன்மானமுள்ளவர்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், அது அவளுக்குத் தெரியாதா? பையனின் வேலை விஷயமாக ஒருவரைப் பாருங்கள் என்று மட்டும் சொல்லி, அப்பாவையும் மகனையும் ஷெரிலின் அறைக்குள் அனுப்பிவைத்தாள். பிறகு அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். அநியாயம் பிடித்த உலகத்தில் தனி ஆளாக நியாயம் செய்த களைப்பு. தன்னை நினைத்து அவளுக்கே லேசாகக் கண் கலங்கியது.

சற்று நேரத்திலேயே கதவு திறந்தது. வின் சிரித்துக்கொண்டே கையசைத்துவிட்டு மகனுடன் போனார். பின்னாலேயே ஷெரில் வந்தார்.

"யாரை அனுப்பி வச்சிருக்கேன்னு தெரியுமாடி உனக்கு? நீ உக்காந்திருக்கிற இந்தக் கட்டடமே அவரோட பாட்டி கட்டிக் குடுத்தது. பந்தயக் குதிரைப் பண்ணை வச்சிருக்கார். என்னத்துக்கு வந்தோம்னு அவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல."

டார்லா பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

"சரி, அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன். நெஜமாவே கஷ்டப்படுறவங்க யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வா."

"அப்படி யாரும் இன்னிக்கு வரல," என்றாள் டார்லா, உறுதியாக. அவளுக்குத்தான் பார்த்தாலே தெரியுமே.

உலகத்தையே சபித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். படிக்கட்டில் அந்தக் கோட்டுக்காரர் முதுகைக் காட்டி உட்கார்ந்து கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். கென்னா ஒரு கையைப் பிடித்து இழுத்து உதவினாள்.

"மெதுவா கண்ணு," என்றார் அவர், "உள்ள குத்தியிருக்கிற விலைச்சீட்டு பிஞ்சிடப் போகுது. அது இருந்தாத்தான் நாளைக்குக் கடையில திருப்பி எடுத்துக்குவாங்க."