பதினைந்து கிலோவுக்குள்

மாசானத்தின் பாடை தெருவில் தயாராக இருந்தது. துறைமுகக் கிட்டங்கியில் அவரோடு இருபது வருஷம் மூட்டை சுமந்த சொர்ணவேலும் இன்னும் மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

வேலை போனதிலிருந்து அந்தத் தெரு ஆண்கள் எல்லார் மணிக்கட்டிலும் உதவித்தொகைப் பட்டை. ஆளுக்குப் பதினைந்து கிலோவுக்கு மேல் தூக்கினால், வேலை கிடைத்துவிட்டதாக அது எழுதிக்கொள்ளும். மறுநாளே தொகை நின்றுவிடும். மாசானத்துக்குப் பட்டை மட்டும்தான் வந்தது. தொகை கேட்டுப் போட்ட மனு கடைசிவரை பரிசீலனையிலேயே கிடந்தது. ஆறு மாதமாக அவர் யார் கண்ணிலும் படவில்லை.

“அண்ணாச்சி, தோள் குடுக்க மாட்டீயளா?” என்றாள் அவர் மனைவி பேச்சியம்மாள்.

“எம்பது கிலோ ஆளும்மா அவன். எங்க வீட்லயும் அடுப்பெரியணும்லா.” சொர்ணவேல் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

கடைசியில் வாடகைக்கு ஒரு சுமை இயந்திரத்தை வரவழைத்தார்கள். கிட்டங்கியில் அவர்கள் இடத்தைப் பிடித்த அதே மஞ்சள் இயந்திரம். அது பாடையை அலுங்காமல் தூக்கி, வழக்கம்போல எடையைச் சொன்னது.

“மொத்தம் ஐம்பத்தெட்டு கிலோ.”

சொர்ணவேல் மனசுக்குள் நாலால் வகுத்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.