விழுந்த காரணம்

"கணுக்கால்ல பலம் போதாது. அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார் தேர்வாளர்.

விழுந்த சிறுமி இன்னும் தரையில்தான் இருந்தாள். அழவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வகுப்புல இவ தடுமாறினதே இல்லை சார்" என்றாள் பாலே டீச்சர். "மியூசிக் முடியற வரைக்கும் ஒத்தக் கால்ல, குதிகாலைத் தூக்கிக்கிட்டு நிப்பா. இன்னிக்கு என்னமோ…"

"இன்னிக்குத்தானே தேர்வு?"

தேர்வாளர் மேஜைமேல் இருந்த பிளாஸ்டிக் பாத எலும்புக்கூட்டைக் கையில் எடுத்தார். பாதத்தில் எத்தனை எலும்பு என்பது தெரிந்த ஒரே காரணத்தால், அத்தனையையும் தாமே செய்து மாட்டியதுபோலப் பேசுகிறவர் அவர்.

"இந்த வளைவு இருக்கே, இது தாங்கணும். தாங்கலேன்னா கணுக்கால் உள்பக்கம் சாயும். சாய்ஞ்சா விழுந்துதான் ஆகணும். பாதம் என்கிட்ட பொய் சொன்னதே கிடையாது."

அம்மா எழுந்து மேஜையருகே வந்தாள். இந்தத் தேர்வில் தேறினால்தான் நுனிவிரலில் நின்று ஆடும் ஷூவைப் போட விடுவார்கள். வருடக் கடைசியில் மேடையில் இடமும் கிடைக்கும். அந்த ஷூவை ஒரு நம்பிக்கையில் முன்கூட்டியே வாங்கிப் பைக்குள் வைத்திருந்தாள்.

"பல் தேய்க்கும்போதுகூட ஒத்தக் கால்லதான் நிப்பா சார். தரையில துண்டை விரிச்சு, கால்விரலாலயே சுருட்டிச் சுருட்டிப் பழகுவா. எங்க வீட்ல முகம் துடைக்க ஒரு துண்டு மிச்சமில்லை. இன்னொரு தடவை பாருங்க சார்."

"பேரம் பேச இது சந்தை இல்லம்மா."

கடைசி வரிசையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "விடு. பாப்பாவுக்கு அடிபட்டுச்சான்னு முதல்ல பாரு. சாரும் அந்த எலும்பைக் கொஞ்சம் கீழே வைக்கட்டும், கை வலிக்கும்."

தேர்வாளர் எலும்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

டீச்சர் சிறுமியின் பக்கத்தில் மண்டியிட்டாள். "அடி ஒண்ணும் இல்லையே? நிக்கும்போது தடுமாறாம இருக்க, அசையாத ஏதாவது ஒண்ணைப் பார்த்து, கண்ணை அங்கேயே வைன்னு சொல்லியிருக்கேனா இல்லையா? எங்கே பார்த்தே? யாராவது குறுக்கே போனாங்களா?"

"இல்ல டீச்சர். எப்பவும் பார்க்கிறதைத்தான் பார்த்தேன்."

"எதை?"

"அப்பா காலை. மூஞ்சியைப் பார்த்தா கண்ணடிச்சு சிரிக்க வெச்சிடுவாரு. அதான் கால்."

"அதையே பார்த்துக்கிட்டு நிக்க வேண்டியதுதானே? அப்புறம் ஏண்டி விழுந்தே?" என்றாள் அம்மா.

சிறுமி கடைசி வரிசையில் இருந்த சக்கர நாற்காலியை நோக்கிக் கையை நீட்டினாள்.

"ஆக்சிடென்ட்டுக்கு அப்புறம் அந்தக் கால் அசையவே அசையாதுன்னு டாக்டர் சொன்னாரில்லம்மா… இப்ப மியூசிக் போட்டாங்கல்ல, அப்பாவோட கால் கட்டைவிரல் தாளம் போட்டுச்சும்மா!"