கைப்பட்டை

மகள் இறந்தபின் அழுவதற்கு அரசு கொடுத்த கெடு முடிந்துவிட்டது. இனியும் துக்கம் குறையாவிட்டால், அதை அளக்கும் ஜெசிந்தாவின் கைப்பட்டை மருத்துவமனைக்குச் சொல்லிவிடும்; ஆட்கள் வந்து கூட்டிப்போய்விடுவார்கள்.

கணவன் ரூபன் அந்தப் பட்டையைக் கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டான்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. நீ நல்லா அழு."

ஒன்றுமில்லையாம். ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் மகளின் சைக்கிளை விற்றவன்தானே! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காலையில் மருத்துவமனையிலிருந்து போன்.

"ஜெசிந்தா மேடம், போன வாரத்தைவிட ரொம்ப மோசமா காட்டுதே! உங்க பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

அவள் அடுப்படியைப் பார்த்தாள். ரூபன் சீட்டியடித்தபடி தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தான். கையில் பட்டை சிவப்பாக மின்னியது.

"இருக்காங்க," என்று போனை வைத்துவிட்டு, அவன் பக்கத்தில் போய் நின்றாள்.