ஒரு கதிரை குறையுது

“இல்ல மச்சான், ஒண்டும் புதுசா வாங்கல்ல. ஈக்கிற சாமானத்தான் இழுத்து மாத்திப் போட்டேன்.”

ஹுஸைன் இதைச் சொன்ன தோரணையைப் பார்த்தால் மாளிகை கட்டி முடித்தவன் மாதிரி இருந்தது. மஹ்ரூப் செருப்பைக்கூடக் கழட்டாமல் வாசலில் நின்று ஹோலை ஒரு நோட்டம் விட்டார்.

சுவரோரம் இருந்த கண்ணாடி அலுமாரி இப்போது அறை வாசலை ஒட்டி நின்றது. அதற்குப் பக்கத்தில் தையல் மெஷின். அங்கிருந்து முன்வாசல் வரைக்கும் சாப்பாட்டு மேசைக் கதிரைகள், ஒன்றை அடுத்து ஒன்றாக. எல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு. கம்பளை பஸ்ஸுக்கு நிற்கிற வரிசை கெட்டது போங்கள்.

“வாற ஆக்கள் இதுல இருந்து சுவரோடயா கதைக்கிற?”

“அவங்க இருக்க அந்தப் பக்கம் செட்டி ஈக்குது மச்சான்.”

இருந்தது. தங்கச்சி மஸாஹிராவின் கலியாணத்துக்கு வாங்கிய அதே பழைய சோபா செட்டி.

இன்னும் கொஞ்ச நேரத்தில் கண்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஹுஸைனின் மகள் றுமைஸாவைப் பார்க்க வருகிறார்கள். சம்பந்தத்தைப் பேசிக் கொண்டுவந்ததே மஹ்ரூப்தான். பெண்ணுக்குச் சொந்த மாமா, அக்குறணையில் தளபாடக் கடை. தங்கச்சி வீடு இப்படிக் கிடந்தால் போகிறது யாருடைய மானம்?

போன கிழமையே சொல்லிப் பார்த்தார். கடையிலிருந்து ஒரு சோபா செட் அனுப்புகிறேன், பொலித்தீனைக் கழட்டாமல் ரெண்டு நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பி அனுப்புங்கள் என்று. ஹுஸைன் கடைக்கே வந்தான். ஒவ்வொரு சோபாவின் சாய்மானத்தையும் கையால் அழுத்திப் பார்த்தான். உயரம் பத்தாது மச்சான் என்று சொல்லிவிட்டு, பிளேன்டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். சும்மா வருகிற சோபாவுக்கும் நொட்டை சொல்கிற மனிசனை மஹ்ரூப் அன்றைக்குத்தான் பார்த்தார்.

அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேட்டுக்குப் போனார், வந்தார், போனைப் பார்த்தார், திரும்பவும் கேட்டுக்குப் போனார்.

அவருடைய வேன் சத்தம் கேட்டாலே ரோட்டுக்கு ஓடி வருகிற தங்கச்சி, இன்றைக்கு அறைக்குள் இருந்தபடியே ஸலாம் சொன்னாள். உடுப்பு மாற்றுகிறாளாம். வெட்கமாக இருக்கும், பாவம். புருஷன் பண்ணி வைத்த கூத்துக்கு அவள் எப்படி முகம் காட்டுவாள்? ஆனால் காட்டத்தான் வேண்டும். பெண்ணின் உம்மா வாசலுக்கு வந்து மாப்பிள்ளையின் உம்மாவைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிப்போவதுதான் முறை.

“ஒண்டையும் அசைக்க வேணாம் மச்சான். சொல்லிட்டேன்,” என்றுவிட்டு ஹுஸைன் கேட்டைத் திறக்கப் போனான்.

சொன்னால் கேட்கிற ஆளா மஹ்ரூப்? நடுவில் நின்ற கதிரையைத் தூக்கினார். ஒன்றையாவது எடுத்தால் ஹோல் கொஞ்சம் வெளிக்கும். அடுப்படிக்குள் கொண்டுபோய் வைக்கப் போனவரை றுமைஸா மறித்தாள். வந்தவர்கள் கூப்பிடும்வரை அவள் அடுப்படியை விட்டு வெளியே வரக் கூடாது.

“மாமா, இத ஏன் எடுத்தீங்க?” அவள் ஹோலை எட்டிப் பார்த்தாள். “பெருநாள் கழிஞ்ச கையோட உம்மாக்கு இடது கால் இழுத்திட்டு. கம்பு புடிக்க மாட்டேண்டுட்டா. வாப்பாதான் கை எட்டுற தூரத்துக்கு ஒண்டொண்டா வெச்சார். அதப் புடிச்சிட்டுத்தான் உம்மா வாசலுக்கு நடக்கிற.”

“எனக்கு ஏன் சொல்லல்ல?”

“மாப்பிள வீட்டுக்கே வாப்பா எல்லாம் சொல்லிட்டார். உங்களுக்குத்தான் சொல்லல்ல. சொன்னா அடுத்த நாளே வீல்செயாரோட வந்து நிப்பீங்கண்டு உம்மா வேணாண்டா.”

மஹ்ரூப் வந்திருப்பார்தான். அதுவும் பொலித்தீனோடு.

வெளியே வேன் வந்து நின்றது. மாப்பிள்ளையின் உம்மா படியில் ஏறிச் செருப்பைக் கழட்டிக்கொண்டிருந்தார். அறை வாசலில் மஸாஹிரா.

நல்ல உடுப்பு, தலையில் புது முந்தானை, முகத்தில் சிரிப்பு. அலுமாரியில் கை வைத்தாள். பிறகு தையல் மெஷின். பிறகு முதல் கதிரையின் முதுகு, அடுத்ததின் முதுகு. தூசி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிற மாதிரித்தான் இருந்தது. இடது கால் மட்டும் நிலத்தை உரசிக்கொண்டு பின்னால் வந்தது.

நடு ஹோலில் நீட்டிய கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. மஸாஹிரா நின்றாள். சிரிப்பு அப்படியே இருந்தது. கை மட்டும் காற்றில்.

மஹ்ரூப் அடுப்படி வாசலில் கதிரையைக் கட்டிப் பிடித்தபடி நின்றார்.

கேட்டடியில் மாப்பிள்ளையின் வாப்பா, பேராதனைச் சந்தியில் வாகன நெரிசலில் இறுகிப்போன கதையை ஹுஸைனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“றுமைஸாட வாப்பா,” சத்தம் போடாமல், கறிக்கு உப்புக் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டாள் மஸாஹிரா. “இதுல ஒரு கதிரை குறையுது.”

ஹுஸைன் பாதிப் பேச்சில் அவரை விட்டுவிட்டு உள்ளே வந்தான். கதிரை இருந்த இடத்தில், சுவரைப் பார்த்துத் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.